பஞ்சு இறக்குமதி வரி மாறும்போது நூற்பாலைகள் செய்யும் தவறுகள்

2021 பட்ஜெட்டுக்கு முன் பஞ்சுக்கு இறக்குமதி வரி இல்லை. அந்த பட்ஜெட்டில் 5% அடிப்படைச் சுங்கவரி, 5% விவசாய உள்கட்டமைப்பு செஸ், இவற்றின் மேல் 10% சமூகநலக் கூடுதல் வரி என்று மொத்தம் 11% வந்தது. 2022 ஏப்ரல் 14 முதல் அக்டோபர் 31 வரை அதற்கு விலக்கு. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை மறுபடியும் விலக்கு.

ஆலைகள் அதிகம் இடறுவது தேதியில்தான். ஒப்பந்தம் போட்ட நாளோ, கப்பல் ஏற்றிய நாளோ வரியை முடிவு செய்வதில்லை. சுங்கச் சட்டம் 15ஆம் பிரிவின்படி பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தரும் இறக்குமதிப் படிவம்) தாக்கல் செய்த நாளின் விகிதமே பொருந்தும். சரக்கு வரும் முன்பே தாக்கல் செய்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கக்கூடாது; கப்பலுக்கு 'என்ட்ரி இன்வர்ட்' (சரக்கு இறக்க சுங்க அனுமதி) கிடைத்த நாளில் தாக்கல் செய்ததாகவே கணக்கு. பாண்டட் கிடங்கில் (வரி கட்டாமல் சரக்கை வைக்கும் சுங்கக் கிடங்கு) இருக்கும் பஞ்சுப் பொதிகளுக்கு, வெளியே எடுக்கத் தாக்கல் செய்யும் நாளின் விகிதம். எனவே வரி இருந்த காலத்தில் வந்து பாண்டில் கிடக்கும் சரக்கை விலக்குக் காலத்தில் எடுத்தால் வரி இல்லை. விலக்கு முடிந்த மறுநாள் எடுத்தால் 11%.

2025இல் முதல் அறிவிப்பு செப்டம்பர் 30 வரைதான். அமெரிக்காவிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ புதிதாக வாங்கினால் வந்து சேர ஒன்றரை மாதம் ஆகும். ஆகஸ்ட் 28இல் கெடு டிசம்பர் 31க்குத் தள்ளிப்போனபின்தான் புது ஆர்டருக்கு அர்த்தமே வந்தது. கெடுவை ஒட்டி வாங்குபவர், வரி யார் தலையில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்தது அடக்கவிலை. ₹100 மதிப்புக்கு ₹11 வரி. ₹111 மீது 5% ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி) ₹5.55. ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாக (கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வது) திரும்பும், ₹11 திரும்பாது. இரண்டையும் செலவில் போடுவது தவறு. வரியைப் பஞ்சுக் கிலோவோடு நிறுத்துவதும் தவறுதான். கிலோ ₹160 பஞ்சுக்கு வரி ₹17.60. கோம்பு நூலில் (குட்டை இழைகளைச் சீவி நீக்கி நூற்பது) பஞ்சில் 72% நூலாகத் தேறினால், நூல் கிலோவுக்கு அது ₹24.44 ஆகிறது ('நாயில்' எனும் சீவிய கழிவுப் பஞ்சை விற்ற வரவு தனிக் கணக்கு).

32 மி.மீ.க்கு மேற்பட்ட இழைப் பஞ்சுக்கு 2024 பிப்ரவரி 20 முதலே விலக்கு உண்டு. அதை மட்டும் வாங்கும் ஆலை, 2025 அறிவிப்பால் ஏதோ லாபம் என்று நூல் விலையைக் குறைத்தால் நஷ்டம்தான்.

ஏற்றுமதி ஆலைகள் பழக்கத்தில் அட்வான்ஸ் ஆதரைசேஷனிலேயே (ஏற்றுமதி செய்வதாக ஒப்புக்கொண்டு மூலப்பொருளை வரியின்றி இறக்கும் அனுமதி) இறக்குவதும் உண்டு. வரியே இல்லாத மாதத்தில் அதில் மிஞ்சுவது ஐஜிஎஸ்டி பணம் முடங்காதது மட்டுமே. ஏற்றுமதிக் கடமை வீணாகத் தலையில் ஏறும்.

விலக்கு அறிவிப்பின் எண்ணையும் வரிசை எண்ணையும் பில் ஆஃப் என்ட்ரியில் குறிப்பிட மறந்தால் வரி கட்டியே ஆகவேண்டும். நேராக ரீஃபண்டு கேட்க முடியாது. முதலில் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2019 தீர்ப்பு.

வரி போனால் உள்ளூர் கண்டி (பஞ்சு விற்கும் எடை அலகு) விலையும் 11% இறங்கும் என்று கையிருப்பைக் காலி செய்வது இன்னொரு தவறு. வெளிநாட்டு வியாபாரி விலையைச் சற்று ஏற்றி அதில் பங்கு எடுத்துக்கொள்வார். உள்ளூரில் ஆதரவு விலை ஒரு தரையாக நிற்கிறது: 2025-26 பருவத்துக்கு நீண்ட இழைப் பருத்தி குவிண்டால் ₹8,110. சந்தை அதற்குக் கீழே போனால் விவசாயி சிசிஐ (அரசின் இந்தியப் பருத்திக் கழகம்) கொள்முதல் நிலையத்துக்குப் போவார். பிறகு அந்தப் பஞ்சை சிசிஐ ஏலத்தில், அது வைக்கும் விலையில்தான் ஆலை எடுக்க வேண்டியிருக்கும்.