நாள்பட்ட நோயோட சீன வைத்தியர்கிட்ட போறவங்களுக்கு: அவங்க உடம்ப எப்படி பார்க்கிறாங்க, நீங்க எப்படி தயாராகணும்

சுகர், மூட்டுவாதம், ஸ்ட்ரோக்ல ஒரு பக்கம் விழுந்தவங்க, கேன்சருக்கு கீமோ எடுக்கிறவங்க, இப்படி பெரிய நோயோட இருக்கிற நம்ம ஆளுங்க சிங்கப்பூர்லயும் மலேசியாலயும் ஆஸ்பத்திரியோட சேர்த்து சீன வைத்தியர்கிட்டயும் போறது உண்டு. சிங்கப்பூர்ல 1867ல ஆரம்பிச்ச தோங் சாய் வைத்திய நிலையம் இனம் மதம் பாக்காம இலவசமா வைத்தியம் பண்ற இடம், அதனால நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. ஆனா போயிட்டு வந்து "கிட்னி வீக்குன்னு சொல்லிட்டாரு"ன்னு தூக்கம் கெட்டு உட்கார்றவங்க இருக்காங்க, அதைவிட மோசமா மூலிகை ஆரம்பிச்ச கையோட ஆஸ்பத்திரி மாத்திரையை தூக்கி ஓரமா வெச்சிடுறவங்களும் இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

சீன வைத்தியத்துல நோயோட பேர் ரெண்டாம்பட்சம். இந்த மனுஷனுக்குள்ள எதிர்த்து நிக்கிற தெம்பு எவ்வளவு மிச்சம் இருக்கு, கெடுக்கிற சக்தி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்குன்னுதான் முதல்ல பார்ப்பாங்க. தெம்புக்கு ஜெங் சீ, கெடுக்கிறதுக்கு சியே சீன்னு சொல்வாங்க. திடீர்னு அடிக்கிற காய்ச்சல்ல ரெண்டும் பலமா மோதும், அதனால ஆர்ப்பாட்டம் ஜாஸ்தி. வருஷக்கணக்கா இழுக்கிற நோய்ல தெம்பு தேய்ஞ்சு போயிருக்கும், சளியும் ஈரமும் தேங்கின ரத்தமும் உள்ளயே தங்கியிருக்கும், வெளிய பார்க்க அமைதியா இருக்கும். நாள்பட்ட நோய் கடைசியில நுண்ணிய நாளங்களுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும்னு 18ஆம் நூற்றாண்டுல பேர் வாங்கின வைத்தியர் யே தியான்ஷி சொல்லியிருக்காரு. அதனாலதான் நாள்பட்ட நோய்க்கு அவங்க வேகமா அடிக்கிற மருந்து தராம, தெம்பை ஏத்தி ஏத்தி, தேங்கினதை கொஞ்சம் கொஞ்சமா கலைக்கிற மாதிரி குடுப்பாங்க.

சுகரை எடுத்துக்கோங்க. பழைய நூல்கள்ல அதுக்கு ரொம்ப பக்கத்துல வர்ற நோய்க்கு சியாவ் கேன்னு பேர், தாகமும் உடம்பு உருகுறதும்தான் அடையாளம். தண்ணி தாகம் அடங்கலன்னா நுரையீரல் பக்கம் சூடு, எவ்வளவு சாப்பிட்டும் பசிக்குதுன்னா வயித்துல சூடு, அடிக்கடி யூரின் போகுதுன்னா கிட்னி பக்கம் தளர்ச்சின்னு மூணா பிரிச்சாங்க. ஒரே அளவு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட்) இருக்கிற மூணு பேருக்கு மூணு விதமான மருந்து வரலாம், பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு குடுத்த பொட்டலத்தை வாங்கி நீங்க குடிக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு இதுதான் காரணம்.

கிட்னி வீக்குன்னு சொன்னா என்ன பண்றதுன்னு கேட்டீங்கன்னா, பயப்படாதீங்க. அவங்க கணக்குல கிட்னிங்கிறது எலும்பு, காது, வளர்ச்சி, பிள்ளைப்பேறு, உடம்போட அடிப்படை சேமிப்பு எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய பொறுப்பு, நாள்பட்ட நோய் எதுவா இருந்தாலும் கடைசியில அந்த சேமிப்புலதான் கை வைக்கும்னு நினைக்கிறாங்க. நிஜமான கிட்னி எப்படி இருக்குன்னு தெரியணும்னா கிரியாட்டினின் டெஸ்ட் எடுங்க. அதே மாதிரி வைத்தியர் "கிட்னி நல்லா இருக்கு"ன்னு சொன்னா டெஸ்ட் எடுக்காம இருந்துடாதீங்க, இதுதான் முக்கியம்.

போறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்? நாக்கை அவங்க ரொம்ப கவனமா பார்ப்பாங்க, அதனால அன்னைக்கு காலையில நாக்கு வழிக்காதீங்க, போறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி காபி, மஞ்சள் போட்ட சாப்பாடு, கலர் மிட்டாய் எல்லாம் வேணாம், அந்தக் கறையையே நாக்கு மேல இயல்பா இருக்கிற படிவம்னு எடுத்துக்க வாய்ப்பிருக்கு. கண்ணாடி முன்னாடி நீங்களே பார்த்துக்கலாம்: நாக்கு உப்பி ஓரத்துல பல் பதிஞ்ச தடம் இருந்தா செரிமானத் தெம்பு குறைவுன்னும், ஊதா கலர்ல புள்ளி புள்ளியா இருந்தா ரத்தம் தேங்கியிருக்குன்னும், படிவமே இல்லாம சிவந்து வெடிச்சிருந்தா உள்ள ஈரப்பசை வத்திப்போச்சுன்னும் அவங்க படிப்பாங்க. நுனி இதயம், நடு செரிமானம், ஓரம் கல்லீரல், அடி கிட்னின்னு ஒரு வரைபடமே வெச்சிருக்காங்க.

அப்புறம் நாடி. மணிக்கட்டுல மூணு விரல் வெச்சு, முதல்ல லேசா, அப்புறம் நடுவாந்திரமா, அப்புறம் எலும்பு வரைக்கும் அழுத்தி, ரெண்டு கையும் பார்ப்பாங்க. நம்ம சித்த வைத்தியத்துல மூணு விரல்ல வாதம் பித்தம் கபம் பார்ப்பாங்க இல்லையா, இங்க இடது கையில இதயம், கல்லீரல், கிட்னி, வலது கையில நுரையீரல், செரிமானம், மறுபடி கிட்னி, அதாவது அதோட சேர்ந்த உடம்புச் சூடு. பதினாறாம் நூற்றாண்டுல லி ஷிஜென்ங்கிற வைத்தியர் 27 வகை நாடி எழுதி வெச்சாரு. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிட்டு உடனே கை நீட்டாதீங்க, பத்து நிமிஷம் உட்காருங்க. வேர்வை, தூக்கம், மலம், மாதவிடாய்னு வரிசையா கேள்வி வரும், வெட்கப்படாம சொல்லுங்க. ஆஸ்பத்திரி ரிப்போர்ட், சாப்பிடுற மாத்திரைகளோட அட்டை, எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு போங்க. அட்டையை பார்க்கவே மாட்டேன்னு சொல்ற வைத்தியர்கிட்ட ரெண்டாவது தடவை போகாதீங்கன்னு நான் தைரியமா சொல்வேன்.

இப்போ எல்லை எங்கன்னு பார்ப்போம். அவசரம்னா கிளையை பாரு, நிதானம்னா வேரை பாருன்னு அவங்களுக்கே ஒரு விதி இருக்கு, கிளைன்னா வெளிய தெரியுற அறிகுறி, வேர்னா அடிப்படைக் காரணம். நெஞ்சுவலி, வாய் கோணல், ரத்த வாந்தி எல்லாம் கிளை பத்தி எரியுற நேரம், அப்போ கஷாயம் காய்ச்சிட்டு உட்காராம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். சீனாவுல பெரிய சீன மருத்துவ ஆஸ்பத்திரிகள்லயே ஸ்கேனும் ரத்த டெஸ்ட்டும் சாதாரணமா பண்றாங்க, கேன்சர்னா ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் நடக்கும், மூலிகையும் அக்குபங்சர் ஊசியும் பக்கத்துல நின்னு பசி, தூக்கம், களைப்பு, வாந்தியை பார்த்துக்கும். 14ஆம் நூற்றாண்டுல ஜூ தான்ஷிங்கிற வைத்தியர் மார்புல வலியும் அரிப்பும் இல்லாம வர்ற கட்டியைப் பத்தி எழுதியிருக்காரு, பல வருஷம் கழிச்சு அது புண்ணா உடையும்னு. வலிக்கலன்னு விட்டுடாதீங்கன்னு நான் சொல்றதுக்கு அதுவே போதும். மத்ததை எல்லாம் விட்டுட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பின கேன்சர் நோயாளிகளை யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்க பதிவேடுகள்ல பார்த்தாங்க, 2017ல வெளியான முடிவுப்படி வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களை விட அவங்களுக்கு சாவு ஆபத்து ரெண்டரை மடங்கு.

இதுல சீன வைத்தியத்தை குறை சொல்றதா எடுத்துக்காதீங்க. பியான் சுவேன்னு ஒரு பழைய வைத்தியர் கதையில, ஆறு வகை ஆளுங்களுக்கு வைத்தியம் பலிக்காதுன்னு வருது. திமிர் பிடிச்சு கேட்காதவன், உடம்பை விட காசை பெருசா நினைக்கிறவன், மருந்தையே தாங்க முடியாத அளவு மெலிஞ்சவன், வைத்தியரை விட்டுட்டு மந்திரவாதியை நம்புறவன்னு போகும் அந்தப் பட்டியல், சுமார் 2100 வருஷத்துக்கு முன்னாடி சிமா சியென் எழுதின வரலாற்றுல இருக்கு. அந்தப் பாரம்பரியமே முடியாததை முடியாதுன்னு சொல்லியிருக்கு, அப்போ "எந்த கேன்சரா இருந்தாலும் குணமாக்கிடுவேன்"னு ஒருத்தர் விளம்பரம் போட்டா அவரு அந்தப் பாரம்பரியத்துக்கே வெளியில நிக்கிறாரு.

பலன் நிரூபிச்ச விஷயங்களும் இருக்கு, அதையும் சொல்லணும். சுமார் கிபி 340ல கே ஹோங் எழுதின அவசர மருந்து நூல்ல, சிங்ஹாவ் செடியை தண்ணியில ஊறவெச்சு பிழிஞ்சு சாறா குடிக்கணும்னு ஒரு வரி, அதுல காய்ச்சுறது இல்லையேன்னு கவனிச்சுதான் சீன விஞ்ஞானி து யூயூ குறைஞ்ச சூட்டுல மருந்தை பிரிச்சாங்க, மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் வந்தது, 2015ல நோபல் கிடைச்சது. 1970கள்ல ஹார்பின் நகர டாக்டர்கள் பழைய பாஷாணமான ஆர்சனிக்கை ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கு குடுத்துப் பார்த்தாங்க, 2000ல அமெரிக்காவே அதை அனுமதிச்சது. ரெண்டுமே அளந்து, டெஸ்ட் பண்ணி மருந்தா மாறினது, பொட்டலம் மடிச்சு குடுத்தது இல்ல.

கீமோ வாந்திக்கு வீட்டுல பண்ணக்கூடியது ஒண்ணு. உள்ளங்கையை மேல பார்க்க வெச்சு, மணிக்கட்டு மடிப்புல இருந்து மூணு விரல் அகலம் கீழ, முழங்கை பக்கமா, நடுவுல ரெண்டு தசைநார் ஓடும், அதுக்கு இடையில இருக்கிற புள்ளி நெய்குவான். கட்டைவிரலால ரெண்டு மூணு நிமிஷம் அழுத்துங்க. இது வாந்தி மாத்திரைக்கு துணை, மாத்து இல்ல. அக்குபங்சர் ஊசின்னா வேற கதை: பிளேட்லெட்டோ வெள்ளணுவோ குறைஞ்சிருந்தா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா, மார்பு ஆபரேஷனுக்கு அப்புறம் கை வீங்கியிருந்தா கேன்சர் டாக்டர்கிட்ட கேட்காம குத்திக்காதீங்க.

மருந்து வாங்குறப்போ என்னென்ன மூலிகைன்னு எழுதி வாங்குங்க, கூச்சமே வேணாம். டான்ஷென், டாங் குய்ங்கிற மூலிகைகள் ரெண்டும், ரத்தம் உறையாம இருக்க குடுக்கிற வார்ஃபரின் மாத்திரையோட சேர்ந்தா ரத்தப்போக்கு ஆகலாம். கான் சாவ்னு ஏகப்பட்ட கஷாயத்துல போடுறது நம்ம அதிமதுரம் குடும்பம்தான், ரொம்ப நாள் போனா பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். ஃபு சி நம்ம வசநாபி குடும்பம், சரியா பதப்படுத்தி நீண்ட நேரம் கொதிக்கலன்னா இதயத் துடிப்பையே குழப்பிடும். ஹே ஷோ வூங்கிற வேர் சிலருக்கு கல்லீரலை கெடுத்திருக்கு. 1990கள் தொடக்கத்துல பெல்ஜியத்துல உடம்பு இளைக்க குடுத்த மாத்திரையில ஒரு மூலிகைக்கு பதிலா கிட்னியை கெடுக்கிற அரிஸ்டோலோகியா வகை செடி கலந்து, நூத்துக்கும் மேல பெண்களுக்கு கிட்னி போச்சு, சிலருக்கு அப்புறம் சிறுநீர்ப் பாதையில கேன்சரும் வந்தது. அதனால சீனப் பேரு மட்டும் போதாது, அங்கீகாரம் உள்ள கடையில வாங்கணும். மூட்டு வலி ரெண்டே நாள்ல மாயமா போச்சுன்னா சந்தோஷப்படாம சந்தேகப்படுங்க, அந்த மாதிரி சரக்குல ஸ்டீராய்டு கலந்து சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப பிடிச்சிருக்கு.

சைவமா இருக்கிறவங்க இதையும் கேளுங்க: ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் குடுக்கிற பேர்போன ஒரு கஷாயத்துல மண்புழு உண்டு, ஸ்ட்ரோக்குக்குன்னே விக்கிற ஆன்கோங் உருண்டையில மாட்டோட பித்தக்கல் உண்டு. அந்த உருண்டையோட பழைய முறையில பாதரச, ஆர்சனிக் தாதுவும் சேரும். வாய் கோணினவங்க வாயில அதை திணிக்கவே கூடாது, விழுங்க முடியாம மூச்சுக்குழாய்ல போயிடும்.

கஷாயம் வெக்கிறதுக்கு மண்சட்டி அல்லது கண்ணாடிப் பாத்திரம், இரும்பும் அலுமினியமும் வேணாம். பொட்டலத்தை அரை மணி நேரம் பச்சைத் தண்ணியில ஊறவிட்டு, கொதிச்சதும் சின்னத் தீயில வெச்சு வடிகட்டுங்க, சக்கையில மறுபடி தண்ணி ஊத்தி ரெண்டாவது தடவையும் காய்ச்சி, ரெண்டையும் கலந்து காலை மாலைன்னு பிரிச்சு வெதுவெதுப்பா குடிங்க. புதினா மாதிரி வாசனை உள்ளதை கடைசியில போடச் சொல்வாங்க, தனிப் பொட்டலமா இருந்தா கவனிங்க. ஆஸ்பத்திரி மாத்திரைக்கும் இதுக்கும் ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுறது வழக்கம், ஆனா அதனாலேயே மருந்துகள் மோதாதுன்னு நினைச்சுடாதீங்க.

பத்தியம் இவங்ககிட்டயும் உண்டு. ஏழாம் நூற்றாண்டு வைத்தியர் சுன் சிமியாவ், சியாவ் கே (சுகர் மாதிரி) நோயாளி மது, உடலுறவு, உப்பும் மாவுப் பண்டமும்னு மூணுல ஜாக்கிரதையா இருக்கணும், அதை காக்கலன்னா எந்த மருந்தும் காப்பாத்தாதுன்னு எழுதினாரு. பரோட்டாவும் சாதமும் குவிச்சு சாப்பிட்டுட்டு கஷாயம் குடிக்கிற நமக்கு அந்த வரியை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெக்கலாம்.

ஆரம்பிக்கிற அன்னைக்கே பிரஷர், சுகர், எடை, வலி எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, கல்லீரல் கிட்னி டெஸ்ட் ஒண்ணு எடுத்து வெச்சு, சில வாரம் கழிச்சு மறுபடி எடுங்க. நம்பர் நகரவே இல்ல, உடம்பும் தேறலன்னா "இன்னும் கொஞ்சம் பொறுங்க"ன்னு சொல்றதுக்கு ஒரு முடிவு தேதி கேளுங்க. சிங்கப்பூர்ல சீன வைத்தியர்களுக்கு 2000ல வந்த சட்டப்படி பதிவு கட்டாயம், அவங்களை பதிவு பண்ற வாரியத்தோட வெப்சைட்ல பேர் போட்டு பார்க்கலாம், மலேசியாவுல பாரம்பரிய வைத்தியத்துக்கு 2016 சட்டம் இருக்கு. கண்ணு மஞ்சளாகுது, யூரின் குறையுது, உடம்பு தடிக்குது, நெஞ்சு படபடக்குதுன்னா மூலிகை மருந்தை அங்கேயே நிறுத்திட்டு, எழுதி வாங்கின மூலிகைச் சீட்டையும் மிச்சப் பொட்டலத்தையும் கையோட எடுத்துக்கிட்டு எமர்ஜென்சிக்கு போங்க, சிங்கப்பூர்னா 995, மலேசியான்னா 999.