மேடைக்கு டேப்லெட்டா, ப்ளேயரா? பாட்டு போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு பள்ளி ஆண்டு விழாவில், ஒலி மிக்ஸருக்குப் பின்னால் புதிதாக உட்கார்ந்திருந்த இளைஞர் டேப்லெட்டைத் தட்டிக் காட்டி, “எல்லாப் பாட்டும் டவுன்லோடு பண்ணியாச்சு சார்” என்றார். அதே வார்த்தைகளை அதே தெம்போடு ஒரு காலத்தில் சொன்னவன் நான் என்பதால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சார்ஜ் போட மறப்பது, ஒலியளவைக் குறைக்காமல் கேபிளைச் செருகுவது போன்றவை ஒருமுறை பட்டால் தாமே திருந்திவிடும் தவறுகள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

டேப்லெட்டைப் பெரிய திரை வைத்த ப்ளேயர் என்று எண்ணுவது

2001 அக்டோபரில் அறிமுகமான முதல் ஐபாடில் 5 ஜி.பி. வட்டு இருந்தது, கணினியிலிருந்து ஏற்றிய பாட்டைத் திருப்பிப் பாடுவதே அதன் தலையாய வேலை. 2010இல் வந்த ஐபேடிலோ பாட்டு என்பது பல செயலிகளுள் ஒன்றின் வேலை மட்டுமே. இடையில் 2007இல் வந்த ஐபாட் டச், பெயரளவில் ப்ளேயராகவும் உள்ளே ஐபோனின் மென்பொருளோடும் இருந்து, 2022இல் நிறுத்தப்படும்வரை இந்தக் குழப்பத்தை வளர்த்தது என்பது என் கருத்து. மேடையில் இந்த வேறுபாடு காதிலேயே விழும். டேப்லெட்டில் பாட்டு எந்த வழியாக வெளியே போகிறதோ, செய்தி வந்த ‘டிங்’ ஒலியும் அதே வழியாகத்தான் போகும். ஃப்ளைட் மோடில் வைத்து வைஃபையையும் அணைத்தால் செய்தி வராது; ஆனால் அலாரம் அப்போதும் அடிக்கும்.

பச்சைக் குறியை நம்புவது

இன்றளவும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கும்பகோணத்துக்கு அருகே ஒரு கோயில் திருவிழாவில் குழந்தைகளின் நடனத்துக்குப் பாட்டு போட ஒப்புக்கொண்டிருந்தேன். ஒன்பது பாட்டுகளையும் சந்தா கட்டிய ஒரு செயலியில் தரவிறக்கி, ஒவ்வொன்றின் அருகிலும் பச்சைக் குறி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் டேப்லெட்டை அலமாரியில் வைத்தேன். நாற்பது நாள் கழித்து, ஆறு வயதுக் குழந்தை ஒன்று மேடை நடுவில் கைகூப்பி நின்றுகொண்டிருக்க, முதல் பாட்டைத் தொட்டேன்; ஒன்றும் நடக்கவில்லை. பட்டியல் முழுவதும் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது, கைப்பேசியிலோ சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. நடன ஆசிரியை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு பையிலிருந்து தாளத்தை எடுத்துக்கொண்டு மேடை ஓரத்தில் அமர்ந்து, நினைவிலிருந்த நான்கு பாட்டுகளைத் தாமே பாடினார். மற்ற ஐந்துக்கும் ஒத்திகை பார்த்த குழந்தைகள் ஒப்பனையோடு வீட்டுக்குப் போனார்கள். நான் கூலி கேட்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு என்னை அழைக்கவில்லை.

நடந்தது இதுதான்: செயலி தரவிறக்குவது பூட்டிய பிரதியை, அதன் சாவி செயலியிடம் இருக்கிறது. குறித்த நாளுக்கு ஒருமுறை இணையத்தில் வந்து சந்தாவைச் சரிபார்க்காவிட்டால் சாவி வேலை செய்யாது. ஸ்பாட்டிஃபையில் இந்தக் கெடு 30 நாள். அந்தப் பிரதியை எடுத்துப் பழைய ப்ளேயரில் போடவும் முடியாது. ப்ளேயரில் நாம் கையால் ஏற்றிய எம்.பி.3 கோப்புக்கோ கெடு ஏதும் இல்லை. ஓராண்டு பெட்டியில் கிடந்தாலும் சார்ஜ் ஏற்றினால் பாடும்.

ஆகவே பாட்டைக் கோப்பாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படி ஒன்று அரை மணி நேரம் ஓடினால், சுருக்காத சிடி தரத்து வேவ் கோப்பாக இருந்தால் ஏறத்தாழ 320 எம்.பி., 320 கேபிபிஎஸ் எம்.பி.3 ஆக இருந்தால் 72 எம்.பி. அளவுதான் வரும் என்பதால் இடமில்லை என்ற சாக்குக்கே வழியில்லை. கைக்கு வந்தது கோப்புதானா என்று அறிய, அதை வேறொரு செயலியில் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அது உங்களுடையது அன்று. கூகுள் டிரைவில் பெயர் தெரிவதும் கோப்பு டேப்லெட்டில் இருப்பதும் ஒன்றல்ல என்பதால், நிகழ்ச்சிக்கு முதல் நாள் டேப்லெட்டை அணைத்து, ஃப்ளைட் மோடில் மீண்டும் இயக்கி, ஒவ்வொரு பாட்டையும் பத்து விநாடியாவது ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஆக்ஸ் துளை இருக்கிறதா என்று பாராமல் வாங்குவது

மிக்ஸருக்குப் போகும் கேபிளைச் செருகும் இந்த ஹெட்போன் துளை, 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் இல்லை.

புளூடூத்தில் மிக்ஸரை இணைப்பது

வேண்டாம்.

பழைய ப்ளேயரில் பெரிய மெமரி கார்டைச் செருகுவது

டேப்லெட்டை விட்டு ப்ளேயருக்குத் திரும்புகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். 64 ஜி.பி.யும் அதற்கு மேலும் உள்ள கார்டுகள் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் வருகின்றன. பழைய ப்ளேயர்கள் பல ஃபேட்32 என்ற பழைய அமைப்பை மட்டுமே படிக்கும் என்பதால் கார்டு வெறுமையாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. என் கேபிள் பையில் கிடக்கும் ப்ளேயருக்கு 16 ஜி.பி. கார்டு போட்டிருக்கிறேன். அதன் ப்ளே பொத்தானில் எழுத்து தேய்ந்துவிட்டது, ஆனாலும் மேடை விளக்கு அணைந்த இருட்டில் விரல் அதைத் தேட வேண்டியதில்லை.