ஆளுக்கு எத்தனை? சின்னக் குழந்தைக்குப் பங்கும் வகுத்தலும் புரியவைக்கும் வழி

நாலு வயதுக் குழந்தையிடம் 12 பாட்டில் மூடிகளைக் கொடுத்து, 3 பொம்மைகளுக்குச் சமமாகப் போடச் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே போட்டுவிடும். "இதுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு, இதுக்கு ஒண்ணு" என்று கை ஓடும். மூடி தீர்ந்ததும் நிற்கும். வகுத்தல் வந்துவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். வந்திருப்பது கைப்பழக்கம். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒன்று போயிருப்பதால் பங்குகள் சமமாகத்தான் இருக்கும், எண்ணவே தேவையில்லை என்று தெரிவதுதான் புரிதல். அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

ஒரே அளவில், ஒரே நிறத்தில் 12 மூடிகள், 4 பொம்மைகள், 4 தட்டுகள், தட்டுகளை மறைக்க ஒரு துணி போதும். 12 என்பது 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும். அதனால்தான் அந்த எண். எதையும் வாயில் போடும் வயதில் இன்னொரு குழந்தை அருகில் இருந்தால் மூடிக்குப் பதில் பெரிய கட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள்.

பங்கு பொம்மைகளுக்கு மட்டும்தான், குழந்தைக்கு வேண்டாம். 2013இல் ஸ்மித், பிளேக், ஹாரிஸ் என்ற ஆய்வாளர்கள் 3 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளிடம் ஸ்டிக்கர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். சமமாகக் கொடுக்க வேண்டும் என்பதைச் சின்னவர்களும் சொன்னார்கள். கொடுக்கும் நேரத்தில் அப்படியே செய்தவர்கள் 7, 8 வயதுக்காரர்கள். தன் பொருளைப் பிரிக்கும் குழந்தை குறைத்துக் கொடுத்தால், கணக்கு வராததாலா, மனசு வராததாலா என்று நமக்குத் தெரியாமல் போய்விடும். கணக்கு வராத குழந்தையைச் சுயநலம் என்று திட்டுவது பெரிய அநியாயம்.

முதலில் 2 தட்டு, 6 மூடி. பிறகு 3 தட்டு, 12 மூடி. தட்டுகளை வரிசையாக வையுங்கள். வட்டமாக வைத்தால் எங்கே தொடங்கினோம் என்பது மறந்து, ஒரு தட்டுக்கு இரண்டு முறை போய்விடும். அப்படியும் தடுமாறினால் முதல் தட்டின் கீழ் ஒரு வண்ணக் காகிதத்தை வைத்து, "சுத்து இங்கதான் ஆரம்பிக்குது" என்று காட்டுங்கள்.

போட்டு முடித்ததும் இரண்டு தட்டுகளைத் துணியால் மூடி, திறந்திருக்கும் ஒன்றை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். "நாலு." "துணிக்கு அடியில இருக்கற தட்டுல?" இந்தக் கேள்விதான் முக்கியம். துணியைத் தூக்கி எண்ணப் பார்க்கும் குழந்தைக்கு இன்னும் புரியவில்லை. 1988இல் ஃப்ரைட்மேன், பிரையன்ட் என்ற ஆய்வாளர்கள் நாலு வயதினரிடம் கிட்டத்தட்ட இதையே கேட்டார்கள்; அழகாகப் பங்கிட்ட பலரால் எண்ணாமல் சொல்ல முடியவில்லை. திருத்த வேண்டாம். துணியைத் தூக்கி எண்ணட்டும். அடுத்த நாள் வேறு எண்ணிக்கையில் மறுபடி கேளுங்கள்.

ஃப்ரைட்மேனும் பிரையன்டும் செய்த இன்னொரு சோதனையும் வீட்டில் செய்யத்தக்கது. ஒன்றோடொன்று சேரும் கட்டைகளில் சிலவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து வையுங்கள். ஒரு பொம்மைக்கு ஜோடிக் கட்டைதான் வேண்டும், மற்றதற்குத் தனிக்கட்டைதான் வேண்டும். மொத்தம் சமமாக இருக்க வேண்டும். நாலு வயதில் பலர் ஒரு ஜோடிக்கு ஒரு தனிக்கட்டையே போடுவார்கள். "ஆளுக்கு ஒரு தடவை" என்ற விதியை விடாமல் பிடித்திருக்கிறார்கள், அது எதற்காக என்று தெரியவில்லை. ஐந்து வயதில் பலர் ஜோடிக்கு இரண்டு தனிக்கட்டை போட்டுச் சரிசெய்வார்கள். தடுமாறும் குழந்தைக்கு ஜோடியில் ஒன்றை மஞ்சளாகவும் ஒன்றை நீலமாகவும் சேர்த்துக் கொடுங்கள். மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்கு நீலம் என்று வைக்கும்போது விஷயம் பிடிபடும்.

அடுத்தது கைவைக்காமல் ஊகிப்பது. இங்கே 12 மூடி, 2 பொம்மை. அங்கே 12 மூடி, 4 பொம்மை. எந்தப் பக்கத்துப் பொம்மைக்கு நிறையக் கிடைக்கும்? 4 பொம்மை இருக்கும் பக்கத்தையே சின்னவர்கள் காட்டுவது சகஜம். பெரிய எண் என்றால் நிறைய என்பது அவர்கள் நினைப்பு. சொன்ன பிறகு போட்டுப் பார்க்க வையுங்கள். பின்னங்களில் மூன்றில் ஒன்றைவிட நாலில் ஒன்று பெரிது என்று வரும் தவறுக்கும் வேர் இதுவே.

இனி கேள்வியை மாற்றுங்கள்: "ஒரு பெட்டியில 3 மூடிதான் பிடிக்கும். 12 மூடிக்கு எத்தனை பெட்டி வேணும்?" இதுவும் 12 ÷ 3 தான். முன்பு ஆட்கள் தெரியும், பங்கு தெரியாது. இப்போது பங்கு தெரியும், எத்தனை கூட்டம் என்பது தெரியாது. பழக்கதோஷத்தில் குழந்தை 3 பெட்டிகளை வைத்து ஒவ்வொன்றாகப் போட ஆரம்பிக்கும். கடைசியில் "நாலு" என்ற சரியான விடையும் வந்துவிடலாம்! அதனால் விடையைக் கேட்டுத் திருப்தி அடையாமல் மேசையைப் பாருங்கள்: மும்மூன்றாக 4 குவியலா, நந்நான்காக 3 குவியலா? ÷ குறியை இந்த இரண்டும் கைவந்த பிறகு எழுதிக் காட்டினால் போதும்.

மீதி வரும் கணக்கை ஒதுக்க வேண்டாம். 13 மூடி, 4 பொம்மை. மிஞ்சிய ஒன்றைச் சிலர் பிடித்த பொம்மைக்குக் கொடுப்பார்கள், சிலர் ஒளிப்பார்கள், சிலர் இன்னும் 3 கேட்பார்கள். 3 கேட்ட குழந்தைக்கு எத்தனை குறைகிறது என்பது தெரிந்திருக்கிறது.

மூடியை வெட்ட முடியாது, காகிதத்தை வெட்டலாம். 24 செ.மீ. நீளப் பட்டையில் தொடங்குங்கள், வட்டம் பிறகு. பாதி, அப்புறம் பாதியில் பாதி. மூன்று கடைசியில்தான், ஏனென்றால் பாதியாக மடித்து மடித்து மூன்றுக்குப் போக முடியாது. இரண்டு தவறுகள் அடிக்கடி வரும். ஒரு முனையிலிருந்து சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டே போய்க் கடைசித் துண்டு பெரிதாக நிற்பது ஒன்று. மூன்று பேர் என்றதும் மூன்று வெட்டு போட்டு நாலு துண்டு ஆக்குவது இன்னொன்று. வெட்டுவதற்கு முன் மடித்து, துண்டுகளைத் தொட்டு எண்ணி, ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விளிம்பு ஒட்டி நிற்கிறதா என்று பார்க்கட்டும். கத்தரிக்கோல் அதன் பிறகு.