பலாப் பலகையில் ஒரு மணை: நார் பிய்யாமல் இழைப்பது எப்படி

2011 டிசம்பர் 30ஆம் தேதி அடித்த தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் ஏராளமான பலாமரங்கள் சாய்ந்தன. எங்கள் கொல்லையில் நின்றதும் விழுந்தது. அம்மா அதை விறகுக்குத் தர ஒப்பவில்லை. பலகையாக அறுத்து வந்து, இடையிடையே குச்சி கொடுத்துப் பரணில் அடுக்கி வைத்தார். பல வருடம் கழித்து அதிலிருந்து இரண்டு பலகை எடுத்து, உட்கார்ந்து சாப்பிட மணை செய்யத் தொடங்கினேன். முதல் பலகை பாழானது, இரண்டாவது நன்றாக வந்தது.

புதிதாக மரவேலை பழகுகிறவர்களுக்குப் பலாவைத்தான் சொல்வேன். உலர்ந்தபின் ஏறக்குறைய தேக்கின் எடைதான் இருக்கும், உளிக்கும் நன்றாக இணங்கும். வைரம் பாய்ந்த பகுதியைக் கறையான் எளிதில் தொடாது. தஞ்சாவூர் வீணைக்குக் குடம் குடைவதும் மிருதங்கத்துக்குக் கட்டை கடைவதும் இந்த மரத்தில்தான்.

மரம் வாங்கும்போது மஞ்சள் வைரம் மட்டும் வரும்படி எடுங்கள். ஓரத்தில் வெளுப்பாக இருக்கும் வெள்ளைப் பகுதியை அறுத்துத் தள்ளிவிடுங்கள், பூச்சி முதலில் விழுவது அங்கேதான். மணைக்கு 18 இஞ்சு நீளம், 12 இஞ்சு அகலம், 1 இஞ்சு கனத்தில் ஒரு பலகை போதும். காலுக்கு 11 இஞ்சு நீளம், 2 இஞ்சு உயரத்தில் இரண்டு சட்டம் வேண்டும். பலகை உலர்ந்துவிட்டதா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். மூன்று நான்கு வாரம் எடை குறையாமல் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

இனி இழைப்பு. என் முதல் பலகை கெட்டது இங்கேதான். இழைப்புளியைத் தள்ளியபோது ஒரு விரற்கடை அகலத்துக்குச் சுருள் பட்டுபோல் வந்தது. அதை ஒட்டிய பட்டையிலோ செதில் செதிலாகப் பிய்ந்து குழி விழுந்தது. சரி, நாருக்கு எதிராகத் தள்ளுகிறோம்போல என்று பலகையைத் திருப்பிப் போட்டேன். இப்போது பிய்ந்த இடம் வழவழப்பானது, வழவழப்பாக இருந்த இடம் பிய்ந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று இழைத்து இழைத்தே பலகை முக்கால் இஞ்சாகிவிட்டது.

காரணம் மரத்தின் வளர்ச்சியிலேயே இருக்கிறது. பலாவில் நார் ஓர் அடுக்கில் வலப்பக்கம் சாய்ந்து ஏறும், அடுத்த அடுக்கில் இடப்பக்கம் சாயும். அறுத்த பலகையில் இந்த அடுக்குகள் பட்டை பட்டையாகத் தெரியும். அதனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரு பட்டை எதிர்நாராகத்தான் அமையும்.

இரண்டாவது பலகையில் செய்தது இது. அலகைச் சாணைக்கல்லில் நன்றாகத் தீட்டினேன். அலகின் மேல் இருக்கும் தகட்டை விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி இறுக்கினேன். முதலில் பலகையின் குறுக்கே இழைத்து மட்டம் பார்த்தேன். அப்புறம் ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டு, இழைப்புளியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, வெங்காயத் தோல் கனத்துக்கு மட்டும் சீவினேன். கடைசியாக இழைப்புளியை வைத்துவிட்டு, சுரண்டும் தகட்டைக் கையில் எடுத்தேன்.

சுரண்டத் தச்சர்கள் உடைந்த கண்ணாடித் துண்டைப் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். நான் அதைச் சொல்லமாட்டேன், கை கிழியும். பழைய கைரம்பத்தின் தகட்டில் உள்ளங்கை அளவு வெட்டி, விளிம்பை அரத்தால் நேராக்கி, கடினமான எஃகுக் கம்பியால் அழுத்தித் தேய்த்தால் மெல்லிய பிசிர் எழும். அந்தப் பிசிர்தான் வெட்டும். சாய்ந்த நார் எதுவும் அதை ஏமாற்றாது. உப்புத்தாளுக்கு அதன்பின் அதிக வேலை இல்லை, 180, 220 நம்பர் போதும். தூள் பறக்கும், முகக்கவசம் போடுங்கள்.

கால் சட்டங்களைப் பலகையின் குறுக்கே வைத்து, அடியிலிருந்து மறையாணியால் பிணையுங்கள். முன்கூட்டித் துளை போடாமல் முறுக்காதீர்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவருடைய மணை கோடையில் நடுவே வெடித்துவிட்டது. சட்டத்தைப் பலகையோடு பசை போட்டு ஒட்டியிருந்தார். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பலகை மழைக்காலத்தில் அகலவாக்கில் உப்பும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. அதனால் பசை வேண்டாம். சட்டத்தில் நடுத்துளையை மட்டும் ஆணி அளவுக்குப் போடுங்கள். இரு ஓரத் துளைகளைச் சட்டத்தின் நீளவாக்கில் ஒரு நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) நீட்டி, வாஷர் வைத்து முறுக்குங்கள். பலகை அசைய இடம் கிடைத்துவிடும்.

மேல்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின். வார்னிஷ் எனக்குப் பிடிக்காது, பலாவின் மஞ்சளுக்கு மேல் கண்ணாடி ஒட்டியதுபோல் ஆகிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

மஞ்சள் நிறம் அப்படியே நிற்குமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நிற்காது. வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். என் மணையின் மேல் ஒரு புத்தகம் இரண்டு மாதம் கிடந்தது. எடுத்தபோது அந்த இடம் மட்டும் மஞ்சள் கட்டமாக நின்றது. முதல் சில மாதம் எதையும் மேலே வைக்காமல் வெளிச்சத்தில் விட்டுவிடுங்கள், நிறம் ஒரே சீராக ஏறும்.