காது கேக்காத பிள்ளைய சாதா ஸ்கூல்ல சேக்குறீங்களா, இத டீச்சர்கிட்ட சொல்லி வைங்க

முதல் பெஞ்ச்ல உக்கார வச்சா போதும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா ரொம்ப ஒட்டி உக்காந்தா அண்ணாந்து பாத்தே கழுத்து வலிக்கும், பின்னாடி பதில் சொல்ற பசங்க முகமும் தெரியாது. இரண்டாவது வரிசைல ஓரமா, ஜன்னலுக்கு முதுகு காட்டுற மாதிரி இடம் கேளுங்க, அப்பதான் வெளிச்சம் டீச்சர் முகத்துல விழும், உதடு நல்லா தெரியும்.

போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கிட்டே பேசுறதுதான் பெரிய சிக்கல். எழுதி முடிச்சுட்டு திரும்பி பேச சொல்லுங்க. உதட்ட பாத்தா "பாடு"வும் "மாடு"வும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால புது பாடம்னா முக்கியமான வார்த்தைகள முன்னாடியே போர்டுல எழுதி போட்டா பிள்ளை சட்டுனு பிடிச்சுக்கும். "புரிஞ்சுதா"ன்னு கேக்கவே வேணாம், எல்லா பிள்ளையும் தலையாட்டிடும், "என்ன செய்யணும்னு சொல்லு"ன்னு கேக்கணும்.

ஹியரிங் எய்டு போடுற பிள்ளைன்னா பேக்ல ஸ்பேர் பேட்டரி கண்டிப்பா இருக்கணும். ஜிங்க் ஏர் பேட்டரில (காத்து பட்டாதான் வேலை செய்யுற குட்டி பேட்டரி) ஸ்டிக்கர உரிச்சதும் ஒரு நிமிஷம் காத்து பட விட்டுட்டு அப்புறம் போடுங்க. தலைக்கு மேல ஃபேன் கடகடன்னு ஓடுற இடம் வேணவே வேணாம், அந்த சத்தத்தையும் சேத்துதான் மெஷின் பெருசாக்கும்.

யுடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு குடுக்குற அடையாள அட்டை, இன்னும் எடுக்கலன்னா இப்பவே எடுத்துருங்க, பொதுத்தேர்வுல கூடுதல் நேரம் மாதிரி சலுகை கேக்கறப்ப ஊனச் சான்று கையில இருக்கணும்.