காட்டு கொரில்லாவை போட்டோ எடுக்கணுமா? ப்விண்டி ட்ரெக்கிங், முதல் தடவை போறவங்களுக்கு

மலை கொரில்லாவை எந்த ஊரு ஜூலயும் பாக்க முடியாது, அது இருக்குற காட்டுக்கே போனாதான் உண்டு. அந்தக் காடும் ரெண்டே எடத்துலதான் இருக்கு. உகாண்டா, ருவாண்டா, காங்கோ மூணும் ஒட்டுற விருங்கா எரிமலைத் தொடர் ஒண்ணு, உகாண்டாவோட தென்மேற்கு மூலையில ப்விண்டி இன்னொண்ணு. 2019 கடைசில வெளியான கணக்குப்படி மொத்தமே 1,063 தான். இங்க ப்விண்டியை வச்சே சொல்றேன்.

ஸ்டெப் 1: முதல்ல பெர்மிட், அப்புறம்தான் மத்ததெல்லாம்

கொரில்லாவைப் பாக்குறதுக்கான அனுமதிச் சீட்டுதான் பெர்மிட். வெளிநாட்டுக்காரங்களுக்கு உகாண்டால அது 800 டாலர், ருவாண்டால 1,500. ஒரு கொரில்லா குடும்பத்தை ஒரு நாளைக்கு 8 பேர்தான் பாக்கலாம், அதுவும் ஒரே ஒரு மணி நேரம், 15 வயசு ஆகாதவங்களுக்கு அனுமதி கிடையாது. மழை கொஞ்சம் கம்மியா இருக்குற ஜூன்-ஆகஸ்ட், டிசம்பர்-பிப்ரவரி மாசத்துக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே தீந்துடும், அதனால பிளைட் டிக்கெட்டுக்கு முன்னாடியே இதைப் பிடிச்சுடுங்க.

ப்விண்டில புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ங்குரிங்கோன்னு நாலு செக்டார், அதாவது ட்ரெக்கிங் கிளம்புற நாலு பகுதி. பெர்மிட் எந்த செக்டாருக்கோ அங்கதான் காலைல போய் நிக்கணும். ரூமை வேற பக்கம் போட்டுட்டா விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பி மலைப்பாதைல மணிக்கணக்கா வண்டில போகணும், அதனால செக்டார் தெரிஞ்சதுக்கு அப்புறமே ரூம் போடுங்க. ங்குரிங்கோ ரொம்ப செங்குத்து, முட்டி வலி இருக்குறவங்க அதைத் தவிர்க்கறது நல்லது.

ஸ்டெப் 2: ஊசியும் விசாவும்

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், கிளம்புறதுக்கு குறைஞ்சது 10 நாள் முன்னாடி போட்டிருக்கணும். சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க. அந்த சர்டிபிகேட்டை பத்திரமா வச்சுக்கோங்க, திரும்பி வர்றப்போ நம்ம ஏர்போர்ட்லயும் கேப்பாங்க. மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்க.

ருவாண்டா வழியா போறதா இருந்தா கிழக்கு ஆப்பிரிக்கா டூரிஸ்ட் விசா எடுங்க, 100 டாலர்ல உகாண்டா, ருவாண்டா, கென்யா மூணுக்கும் 90 நாள் செல்லும். காட்டோட தெக்கு பக்க செக்டார்களுக்கு (ருஷாகா, ங்குரிங்கோ) உகாண்டா ஏர்போர்ட் இருக்குற எண்டெபேல இருந்து வர்றதை விட ருவாண்டா தலைநகர் கிகாலில இருந்து வர்றது ரொம்ப கிட்ட.

ஸ்டெப் 3: டிரஸ், போர்ட்டர்

முழுக்கை சட்டை, நல்ல கிரிப் உள்ள ஷூ, மழை ஜாக்கெட். பேண்ட்டை நீள சாக்ஸுக்குள்ள விட்டுக்கோங்க, கீழ எறும்பு வரிசை போயிட்டு இருக்கும், ஏறுச்சுன்னா கடி தாங்க முடியாது. தோட்ட வேலைக்குப் போடுற கிளவுஸ் ஒரு ஜோடி வேணும், சறுக்குறப்போ கைக்கு கிடைக்குற செடியைப் பிடிப்போம், அது பாதி நேரம் காஞ்சொறி மாதிரி அரிக்குற செடியாத்தான் இருக்கும்.

போர்ட்டர், அதாவது பை தூக்க கூட வர்ற உள்ளூர் ஆள், கண்டிப்பா வச்சுக்கோங்க, பையை நானே தூக்கிடுவேன்னு நினைக்கறவங்களும் வச்சுக்கோங்க. ஏத்தத்துல கை குடுத்து இழுக்குறது அவங்கதான். அதை விட முக்கியமா, அந்தக் காசு பக்கத்து ஊர்க்காரங்க கைக்கு நேரா போகுது. 1991ல இதை நேஷனல் பார்க் ஆக்குனப்போ தலைமுறை தலைமுறையா காட்டுக்குள்ள வாழ்ந்த பட்வா மக்களையே வெளிய அனுப்பிட்டாங்க. காட்டைச் சுத்தி இருக்குற சனங்களுக்கு காட்டால சோறு கிடைச்சாதான் கொரில்லாவும் பொழைக்கும்.

ஸ்டெப் 4: கேமராவை வீட்லயே செட் பண்ணுங்க

இதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. கிடைக்கறது ஒரு மணி நேரம், அதுல மெனுவைத் தேடிட்டு நிக்கக் கூடாது.

லென்ஸ் 70-200 எம்எம், நிறைய வெளிச்சம் உள்ள விடுற எஃப் 2.8 இருந்தா ரொம்ப நல்லது, ஏன்னா மரத்தடில வெளிச்சமே இருக்காது. பறவைக்கு எடுக்குற 600 எம்எம் எல்லாம் இங்க அதிகம், அகலமா எடுக்க வேணும்னா போனே போதும். உள்ள போய் லென்ஸ் மாத்தாதீங்க, ஈரமும் தூசியும் சென்ஸார்ல ஒட்டிக்கும். ட்ரைபாட் வேணாம். பிளாஷ் அனுமதி இல்ல, ஆட்டோ பிளாஷை முதல்லயே ஆஃப் பண்ணிடுங்க.

ரா (RAW) பைல்ல எடுங்க, பின்னாடி எடிட் பண்ண வசதியா இருக்கும். ஷட்டர் வேகம் 1/250 செகண்டுக்கு கீழ இறங்காம பாத்துக்கோங்க, குட்டிங்க விளையாடுனா 1/500. ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு கேமராவோட உணர்திறன்) 3200, 6400 போனாலும் பயப்படாதீங்க, அதனால படத்துல வர்ற புள்ளி புள்ளியான கிரெயினை சரி பண்ணிக்கலாம், ஷேக் ஆன படத்தை ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்தது எக்ஸ்போஷர், அதாவது படத்தோட வெளிச்ச அளவு. கருப்பு ரோமத்தைப் பாத்ததும் கேமரா இருட்டா இருக்குன்னு நினைச்சு வெளிச்சத்தைக் கூட்டிடும், ரோமம் சாம்பலாயிடும், பின்னாடி இருக்குற இலையெல்லாம் வெளுத்துடும். அதனால வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்குற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 0.7ல இருந்து மைனஸ் 1 வரைக்கும் வச்சு ஆரம்பிங்க. இதைப் பழக நம்ம ஊர்லயே வழி இருக்கு, மரநிழல்ல கட்டியிருக்குற எருமையைப் போய் எடுங்க, கண்ணுல போகஸ் வச்சு, ரோமத்துல டீட்டெயில் வர்ற வரைக்கும்.

போகஸ் சிங்கிள் பாயிண்ட்ல இருக்கட்டும், இல்லன்னா முன்னாடி ஆடுற இலையைப் பிடிச்சுக்கும். புருவ எலும்பு முன்னாடி துருத்திட்டு இருக்கறதால கண்ணு நிழல்ல புதைஞ்சிருக்கும், அது முகத்தைக் கொஞ்சம் தூக்குற வரைக்கும் காத்திருந்து அமுக்குங்க. மூக்கையும் கிட்டப்பாத்து ஒரு படம் எடுங்க. மூக்குக்கு மேல இருக்குற மடிப்பு ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாதிரி இருக்கும், அதை வச்சுதான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கறாங்க.

ஸ்டெப் 5: அந்த ஒரு மணி நேரம்

ட்ராக்கர்ங்க (கொரில்லாவைத் தேடிப் போற ஆளுங்க) விடியக்காலைலயே கிளம்பி, முந்தின ராத்திரி கொரில்லா படுத்த இலைப் படுக்கையைக் கண்டுபிடிச்சு, அங்கேருந்து தடம் பிடிச்சுப் போவாங்க. நீங்க நடக்கறது அரை மணி நேரமும் ஆகலாம், அரை நாளும் ஆகலாம். கிட்ட வந்ததும் பை, குச்சி, சாப்பாடு எல்லாத்தையும் போர்ட்டர்கிட்ட விட்டுட்டு கேமராவோட மட்டும் போகணும்.

மாஸ்க் போடணும், 10 மீட்டர் தள்ளி நிக்கணும். இதுல தயவுசெஞ்சு சமரசம் பண்ணாதீங்க. நம்ம சளி அதுங்களுக்கு உயிரையே எடுக்கும். 1996ல ப்விண்டி கொரில்லாங்களுக்கு சொறி நோய் வந்து ஒரு குட்டி செத்தே போச்சு, மனுஷங்க கிட்டேருந்துதான் அது பரவியிருக்கும்னு உகாண்டாவோட வனவிலங்கு டாக்டர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா கண்டுபிடிச்சாங்க. காய்ச்சலோ இருமலோ இருந்தா காலைலயே கைடுகிட்ட சொல்லிடுங்க, 800 டாலர் போனாலும் பரவால்ல.

கைடு தொண்டையைச் செருமுற மாதிரி அடிக்கடி ஒரு சத்தம் குடுப்பாரு, பயப்படாதன்னு கொரில்லா பாஷைல சொல்றது அது. பெரிய ஆண் கொரில்லா உங்க பக்கம் பாய்ஞ்சு வந்தா ஓடவே கூடாது, குனிஞ்சு உக்காந்து, கண்ணைப் பாக்காம, கைடு சொல்றதை மட்டும் செய்யுங்க. ஷட்டர் சைலண்ட்ல இருக்கட்டும். சும்மா அமுக்கிட்டே இருக்காதீங்க, நடுவுல கேமராவை இறக்கிட்டு யாரு யாரு பக்கத்துல உக்காருறாங்க, குட்டி யாருகிட்ட ஓடுதுன்னு பாருங்க, அடுத்து எங்க நல்ல படம் வரும்னு அதுலயே தெரிஞ்சுடும்.

ஸ்டெப் 6: வீட்டுக்கு வந்து எடிட்

ஷேடோவை (இருட்டான பகுதியை) ரொம்பத் தூக்காதீங்க, கருப்பு கருப்பாவே இருக்கணும். சுத்திலும் இலை இருக்கறதால முகத்துல பச்சை ஏறியிருக்கும், ஒயிட் பேலன்ஸ்ல டின்ட்டை மெஜென்டா பக்கம் லேசா தள்ளுனா சரியாயிடும். ஷேர் பண்றப்போ மாஸ்க் இல்லாம, கொரில்லா பக்கத்துல நிக்குற மாதிரி செல்பி எதையும் போடாதீங்க, அதைப் பாத்துட்டு அடுத்து போறவங்களும் கிட்டப் போகத்தான் கேப்பாங்க.