கேரவன் காற்றுப் பந்தல் பல வருஷம் உழைக்க: முதல் முறை விரிப்பவருக்குப் படிப்படியாக

கேரவன் (காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டு வண்டி) வாங்கிய நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "காத்தடிச்சு நிக்கிற பந்தலா? ராத்திரி புஸ்ஸுன்னு போயிட்டா என்ன பண்றது?"

பிரிட்டனில் எட்டு வருஷமாகக் கேரவனை இழுத்துக்கொண்டு வேல்ஸ், கார்ன்வால், லேக் டிஸ்ட்ரிக்ட் என்று சுற்றுகிறோம். எங்கள் பந்தல் அப்படிப் படுத்துக்கொண்டது ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் ஓட்டை எதுவும் இல்லை, வால்வை நான்தான் ஒழுங்காகத் திருகவில்லை. ஆனால் பாழாய்ப்போன பந்தல்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிப் பிய்ந்தவை, பூஞ்சை பிடித்தவை, வெயிலில் நைந்தவை, முளையைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் கேரவன் கூரைமேல் ஏறியவை. இவற்றில் குழாய் ஓட்டையானதால் குப்பைக்குப் போனது அபூர்வம். அதனால் காற்றைப் பற்றிய பயத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, துணி, ஜிப், முளை இந்த மூன்றையும் கவனியுங்கள்.

புதியவர்களுக்கு ஒரு வரி: நான் பந்தல் என்று சொல்வது ஆனிங்கை. அது கேரவனின் வாசல் பக்கத்தில் ஒட்டி நிற்கும் கூடாரம், நம் வீட்டுத் திண்ணை மாதிரி. பழைய வகையை உலோகக் கம்பிகள் தாங்கும். புதிய வகையைக் காற்றடைத்த குழாய்கள் தாங்கும்.

உள்ளே என்ன இருக்கிறது

சைக்கிள் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மெல்லிய டியூப், வெளியே முரட்டு டயர். இந்தக் குழாயும் அப்படித்தான். உள்ளே டி.பி.யூ என்ற நெகிழியில் செய்த டியூப், அதைச் சுற்றி நீளாத கனமான பாலியஸ்டர் உறை. உறையை ஜிப் போட்டு மூடியிருப்பார்கள். அழுத்தத்தைத் தாங்குவது உறைதான். டியூபுக்கு அந்தப் பலம் கிடையாது. உறையின் ஜிப் திறந்திருக்கும்போது பம்ப் அடித்தால், டயர் கிழிந்த சைக்கிளில் டியூப் பிதுங்குமே, அதே போலப் பிதுங்கி வெடிக்கும். ஆகவே பம்பைத் தொடும் முன் எல்லா உறை ஜிப்புகளும் மூடியிருக்கின்றனவா என்று கையால் தடவிப் பாருங்கள்.

பலத்த காற்றில் உலோகக் கம்பி ஒரு தடவை வளைந்தால் வளைந்ததுதான். காற்றுக் குழாய் நாணல் மாதிரி சாயும், பிறகு நிமிரும். உறுதி என்று பார்த்தால் இது குறைந்த பொருளல்ல.

படி 1: அளவு பார்த்து வாங்குங்கள்

கேரவனின் முழுப் பக்கத்தையும் மூடும் பெரிய பந்தலுக்கு 'ஏ' அளவு வேண்டும். தரையிலிருந்து தொடங்கி, கேரவன் விளிம்பில் உள்ள ரெயில் (பந்தலைக் கோர்க்கும் பள்ளமுள்ள உலோகப் பட்டை) வழியே மேலேறி, மறுபக்கம் தரைவரை வரும் மொத்த நீளம் அது, சென்டிமீட்டரில். வாசலை மட்டும் மூடும் சின்னப் பந்தலை அகலத்தை வைத்துச் சொல்வார்கள்: 260, 330, 390 என்று. இதற்கு ரெயில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது முக்கியம். பல பந்தல்கள் 235 முதல் 250 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தைக்கப்பட்டவை. உயரம் பொருந்தாவிட்டால் கூரைச் சரிவு கெடும், மழைநீர் குளம் கட்டும், அந்தப் பாரம் தையலைத் தின்னும்.

துணியில் இரண்டு எண்களைப் பாருங்கள். டெனியர் நூலின் கனத்தைச் சொல்லும். 3000 மில்லிமீட்டர் என்பது போன்ற எண், எத்தனை உயரத் தண்ணீர்த் தூணைத் துணி கசியாமல் தாங்கும் என்பதைச் சொல்லும். அதைவிட முக்கியமானது நீங்கள் எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பது. வாரக்கடைசிப் பயணத்துக்கென்று செய்த இலேசான பந்தலை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒரே இடத்தில் விட்டுவைத்தால், மழையைவிட வெயில்தான் முதலில் அதை முடிக்கும். புற ஊதாக் கதிரில் பாலியஸ்டர் மக்கிப்போகும், விரலால் குத்தினாலே கிழியும். உத்தரவாத அட்டையில் சின்ன எழுத்தில் இதைப் போட்டிருப்பார்கள்: வெயில் சேதத்துக்கும் சீசன் முழுக்க நிறுத்துவதற்கும் பொறுப்பில்லை என்று. பணம் கொடுக்கும் முன் படியுங்கள்.

டென்மார்க்கின் இசபெல்லா, நெதர்லாந்தின் டோரெமா, பிரிட்டனில் எங்கும் காணும் காம்பா, அவுட்டோர் ரெவல்யூஷன் என்று கடையில் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஸ்காட்லாந்துப் பெயர் ஒன்று உண்டு, 'வாங்கோ'. முதல் தடவை பார்த்தபோது யாரோ யாழ்ப்பாணத்து அண்ணர் கடை போட்டிருக்கிறார் என்றே நினைத்தேன். கிளாஸ்கோவின் 'கோவன்' என்ற பகுதியின் எழுத்துகளை மாற்றிப்போட்டு வைத்த பெயராம்.

படி 2: வீட்டில் ஒரு ஒத்திகை

தோட்டத்தில் ஒரு நாள் காற்றடித்து, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். குறை இருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுக்க இன்னும் நாள் இருக்கும்.

படி 3: ரெயிலில் கோர்ப்பது

பந்தலின் மேல் விளிம்பில் கயிறு வைத்துத் தைத்திருப்பார்கள். அது கேரவன் ரெயிலின் பள்ளத்துக்குள் வழுக்கிப் போக வேண்டும். முதலில் ஈரத்துணியால் பள்ளத்தைத் துடையுங்கள். குளிர்காலத்துப் பாசியும் மண்ணும் அங்கேதான் குடியிருக்கும். பிறகு சிலிகான் ஸ்ப்ரே கொஞ்சம். எண்ணெய் வேண்டாம், அழுக்கை ஒட்டவைக்கும். ரெயில் தொடங்கும் வாயில் உலோகம் கூராக இருந்தால் அரம் போட்டு மழுக்குங்கள். துணி முதலில் கிழிவது பெரும்பாலும் அந்த மூலையில்தான்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இழுக்க, மற்றவர் துணியைத் தூக்கி நேராக ஊட்ட வேண்டும். எங்கள் வீட்டில் இழுப்பது நான், திட்டுவது மனைவி. சிக்கினால் பலங்கொண்டு இழுக்காதீர்கள், ஒரு முழம் பின்னுக்குத் தள்ளி மறுபடி தொடங்குங்கள்.

படி 4: கதவை மூடிவிட்டுக் காற்றடியுங்கள்

பந்தலின் கதவு, பக்கச் சுவர் ஜிப்புகள் எல்லாவற்றையும் மூடுங்கள். திறந்து வைத்து முளையடித்தால் சட்டம் அகலமாக நின்றுவிடும். பிறகு மூடும்போது ஜிப்பின் பல் இரண்டு பக்கமும் இழுபட்டுப் பிய்யும். நான் பார்த்த ஜிப் சாவுகளில் பாதிக்கு மேல் இப்படி வந்தவைதான்.

எவ்வளவு காற்று? குழாயிலோ வால்வுக்குப் பக்கத்திலோ எழுதியிருக்கும். பெரும்பாலும் 6 முதல் 9 பி.எஸ்.ஐ-க்குள் (காற்றழுத்த அளவு) இருக்கும். கார் டயருக்கு 30-க்கு மேல் வைக்கிறோம், ஆகவே இது ரொம்பக் கம்மி என்று தோன்றும். குழாய் பருமனானது, இந்த அழுத்தமே அதை உலக்கை மாதிரி நிமிர்த்திவிடும். டயருக்கு அடிக்கும் கம்ப்ரஸரைக் கொண்டுவராதீர்கள். கூடவே வந்த கைப் பம்ப் போதும். 12 வோல்ட் மின் பம்ப் என்றால், குறித்த அழுத்தத்தில் தானே நிற்கும் வகையாகப் பாருங்கள்.

இப்போது "ராத்திரி காத்து இறங்கிடுச்சு" என்ற புகாரின் ரகசியத்துக்கு வருவோம். சாயங்காலம் 20 டிகிரி வெப்பத்தில் 7 பி.எஸ்.ஐ வைத்தீர்கள். விடியற்காலை 5 டிகிரி. ஒரு துளிக் காற்றுகூட வெளியேறாமலே அழுத்தம் 6-க்கு அருகில் வந்துவிடும். குளிர்ந்தால் காற்று சுருங்கும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். குழாயைத் தொட்டால் மெத்தென்று இருக்கும், நாம் ஓட்டை என்று பதறுவோம். மறுபுறமும் இதே கணக்கு. காலை 10 டிகிரியில் 7 வைத்துவிட்டுக் கடற்கரைக்குப் போனால், மதிய வெயிலில் குழாய்க்குள் 35 டிகிரி ஆகும்போது அழுத்தம் 9-ஐத் தொடும். குறித்த அளவே 7 என்றால் அது ஆபத்தான எல்லை. அதனால் காலையில் மெத்தென்று இருந்தால் உடனே பம்பை எடுக்காதீர்கள். வெயில் ஏறும்வரை பொறுத்துப் பாருங்கள். வெயில் காயும் நாளில் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்.

ஒரே வால்வில் எல்லாக் குழாய்க்கும் காற்றடிக்கும் வகையில் குழாய்களுக்கு நடுவே அடைப்பான்கள் இருக்கும். அடித்து முடித்ததும் அவற்றை மூடுங்கள். அப்போதுதான் ஒன்று போனாலும் மற்றவை நிற்கும்.

படி 5: முளையும் கயிறும்

பின் மூலைகளை முதலில், கேரவனை ஒட்டி. அப்புறம் முன் மூலைகள், கடைசியில் நடுவில் உள்ளவை. முளையின் தலை பந்தலை விட்டு விலகிச் சாயும்படி, ஏறக்குறைய 45 டிகிரியில் அடியுங்கள். பெட்டியில் வரும் மெல்லிய கம்பி முளைகள் ஈரப் புல்தரைக்கு மட்டும்தான் சரி. பிரிட்டன் தளங்களில் பாதி இடம் சரளைக்கல், அதற்குத் தடித்த இரும்பு முளை தனியாக வாங்குங்கள். பந்தலைவிட முளைப்பையைத்தான் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

காற்றுக் குழாய் தானாக நிற்கிறது என்பதால் பலர் இழுகயிறு கட்டுவதே இல்லை. குழாயின் வேலை நிமிர்ந்து நிற்பது, பறக்காமல் பிடிப்பது முளையின் வேலை. வானம் தெளிவாக இருந்தாலும் புயல் பட்டைகளை (பந்தலைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் வார்களை) கட்டிவிட்டுத் தூங்குங்கள். கோடை என்று ஏமாற வேண்டாம். 2023 ஆகஸ்டில் அன்டோனி, பெட்டி, 2024 ஆகஸ்டில் லிலியன் என்று விடுமுறைக் காலத்திலேயே பெயர் வைத்த புயல்கள் வந்தன. பிரிட்டன் வானிலை மையமான மெட் ஆபீஸ் மஞ்சள் எச்சரிக்கை விடுத்தால், இருட்டும் முன் பந்தலை இறக்கிவிடுங்கள். காற்றை இறக்க ஐந்து நிமிஷம். அதிகாலை இரண்டு மணிக்கு மழையில் நனைந்துகொண்டு இறக்குவது வேறு கதை, அதை நான் செய்திருக்கிறேன்.

பந்தல் கேரவனில் உரசும் இடங்களையும் ஒரு பார்வை பாருங்கள். விளக்கு, கைப்பிடி, கூரை ஓரம். காற்றில் ஒரு வாரம் உரசினால் துணியும் போகும், கேரவன் பெயின்ட்டும் போகும். பழைய பஞ்சுத் துண்டை இடையில் வையுங்கள்.

காலையில் உட்கூரை சொட்டினால் ஒழுகுகிறது என்று முடிவு கட்டாதீர்கள். நம் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த துணியில் நீராகப் படிவதுதான் அது. காற்றுத் துவாரங்களைத் திறந்து வையுங்கள். ஆனால் குளிருக்காகவோ மழைக்காகவோ பார்பிக்யூ அடுப்பை மட்டும் உள்ளே கொண்டுவராதீர்கள், அணைந்ததுபோலத் தெரியும் கரியானாலும் சரி. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

படி 6: உண்மையிலேயே கசிந்தால்

அடைப்பான்களை மூடி ஒரு இரவு விடுங்கள். எல்லாக் குழாயும் ஒரே அளவு தளர்ந்திருந்தால் குளிர்தான் காரணம். ஒன்று மட்டும் தொய்ந்திருந்தால் அதுதான் நம் ஆள்.

முதலில் வால்வு. பல பந்தல்களில் அது இரண்டு அடுக்கு: மேல் மூடியைத் திறந்தால் காற்றடிக்கலாம், கீழ்ப் பகுதியையும் கழற்றினால் காற்று முழுக்க வெளியேறும். கீழ்ப் பகுதியின் மரை கோணலாக ஏறியிருந்தாலோ, ரப்பர் வளையத்தில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலோ கசியும். சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை பொங்கினால் கழற்றித் துடைத்து, மறுபடி நேராகத் திருகுங்கள். என் அனுபவத்தில் பல 'ஓட்டை'கள் இத்தோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் டியூபை வெளியே எடுக்க வேண்டும். முழுக்கக் காற்றை இறக்கி, உறை ஜிப்பைத் திறந்து, இழுக்கும் முன் டியூபின் கடைசி நுனியில் நீளமான கயிறு ஒன்றைக் கட்டுங்கள். டியூப் வெளியே வரும்போது கயிறு உறைக்குள் தங்கிவிடும். பிறகு அதைப் பிடித்து இழுத்தே டியூபை உள்ளே கொண்டுபோகலாம், பாவாடைக்கு நாடா கோர்ப்பது போல. கயிறு கட்டாமல் எடுத்துவிட்டு ஒரு சனிக்கிழமை முழுவதையும் இழந்தவன் சொல்கிறேன்.

அப்புறம் சைக்கிள் கடை வேலைதான். டியூபில் கொஞ்சமாக மட்டும் காற்று வைத்து, குளியல் தொட்டித் தண்ணீரில் முக்குங்கள். குமிழி வரும் இடத்தில் பேனாவால் வட்டம் போடுங்கள். ஆனால் சைக்கிள் கடை வித்தை அதற்குமேல் பலிக்காது. ரப்பர் சொல்யூஷன் டி.பி.யூ-வில் பிடிக்காது. இதற்கென்று விற்கும் ஒட்டு வேண்டும். டியர்-எய்ட் என்ற ஒட்டை வாங்கினால் 'ஏ' வகையைப் பாருங்கள், 'பி' வகை வினைலுக்கு. ஆல்கஹால் கொண்டு துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஓட்டையைச் சுற்றி இரண்டு விரல் அகலம் தாராளமாக ஒட்டுங்கள். டியூப் முறுக்காமல் உறைக்குள் போக வேண்டும், முறுக்கிய இடம் அடுத்த தடவை வெடிக்கும்.

படி 7: காயவைத்து மடிப்பது

வால்வுகளை எல்லாம் திறந்து, வால்வு இல்லாத பக்கத்திலிருந்து வால்வை நோக்கிச் சுருட்டுங்கள், பற்பசைக் குழாயைப் பிதுக்குவது போல. எதிர்ப்பக்கமாகச் சுருட்டினால் காற்று மாட்டிக்கொண்டு பை மூடாது.

மழையில் கிளம்ப நேர்ந்தால் ஈரத்தோடு திணித்துத்தான் ஆக வேண்டும், குற்றமில்லை. ஆனால் வீடு சேர்ந்ததும், அல்லது மறுநாளாவது, விரித்துக் காயப்போடுங்கள். இடமில்லையென்றால் மாடிப்படிக் கைப்பிடியில் பகுதி பகுதியாக. பூஞ்சையின் கரும்புள்ளி ஒரு தடவை துணியில் இறங்கினால் தேய்த்தும் போகாது. கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும். துணி துவைக்கும் பவுடர் நீர்க்காப்புப் பூச்சை உரித்துவிடும்.

ஒரு 390 பந்தல் முளைகளோடு சேர்ந்து 20 கிலோவைத் தாண்டலாம். பையைக் கேரவனுக்குள் சக்கர அச்சுக்கு மேலே, தரையோடு தரையாக வையுங்கள். வாலில் வைத்தால் மோட்டார்வேயில் கேரவன் ஆடும்.